சுமியாத்துன் தானே குத்திய ஓட்டு

சுமியாத்துனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை. புரோகோ ஆற்றங்கரை ஊரில், அவித்த சோயாவைப் புளிக்கவைத்து அவள் வாழையிலையில் மடிக்கும் தெம்பேக்காகக் காலையிலேயே ஆட்கள் காத்து நிற்பார்கள். பதம் வந்துவிட்டதா என்பதை இலைமேல் விரல் வைத்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளால் தன் ஓட்டைத் தானே போட முடியாமல் இருந்தது.

ஒவ்வொரு தேர்தலிலும் தங்கை கணவன் பர்ஜியோதான் துணைக்கு வருவான். அங்கே ஓட்டு என்றால் சீட்டிலுள்ள சின்னத்தில் ஆணியால் குத்துவது; இவள் சொல்லும் சின்னத்தில் துளை போடுவது அவன் வேலை. போன முறை இவள் மரவள்ளி என்றாள். அவன் நெல்லில் குத்திவிட்டான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னான், "எதுல குத்துனா என்ன, எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்கதானே." அடுப்படியிலிருந்த சுமியாத்துன் காதில் அது விழுந்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த முறை ஊர்த் தலைவர் பதவிக்குப் பர்ஜியோவே நின்றான். அந்த ஊரில் விளைபொருள்தான் சின்னம். இவனுக்கு மக்காச்சோளம், மற்ற இருவருக்கும் நெல்லும் மரவள்ளியும்.

"அண்ணி, தேர்தலன்னிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"ஓட்டு கேக்குறவரே கூட நின்னு குத்துவாராக்கும்? பூனைய மீனுக்குக் காவல் வெச்ச கதைதான், மாப்ள."

"அப்ப தார்சினி வரட்டும்."

"உங்க பொண்டாட்டியும் வேண்டாம். என் ஓட்டு, என் கை."

வெறும் வாய்ப்பேச்சு இல்லை அது. தேர்தல் குழுத் தலைவி விதார்த்தியிடம் மாதிரிச் சீட்டு வாங்கி, எந்தச் சின்னம் எங்கே என்று விரல் வைத்துக் கேட்டறிந்து, அந்த அளவுக்கு அட்டையில் ஓர் உறை செய்திருந்தாள். சீட்டை உள்ளே நுழைத்தால் ஒவ்வொரு சின்னத்துக்கும் நேராக ஒரு துளை. துளையின் பக்கத்தில் சோற்றைப் பசையாக்கி ஒரு நெல்மணி, ஒரு சோளமுத்து, காய்ந்த மரவள்ளித் தோல் என்று ஒட்டினாள். பிரெயில் படிக்காத அவள் விரலுக்கு இதுதான் எழுத்து. என்ன மூளை பாருங்கள்!

தேர்தலன்று காலை ஓட்டு வரிசையில் நின்றபோது, பசை காயட்டும் என்று அட்டையைப் பக்கத்தில் வெயிலில் வைத்திருந்தாள். கோழி ஒன்று வந்து நெல்லையும் சோளத்தையும் கொத்திக்கொண்டு போய்விட்டது. வரிசையில் நின்றவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கோழி முந்திக்கிச்சு அக்கா! ஒண்ணுக்கு ரெண்டு ஓட்டாப் போட்டிருச்சு!"

"மரவள்ளிய மட்டும் விட்டு வெச்சிருக்கே, அது எந்தக் கட்சிக் கோழி?"

மேடையில் வேட்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பர்ஜியோ குரல் கொடுத்தான். "இதுக்குத்தான் சொன்னேன் அண்ணி. தார்சினிய கூட்டிட்டுப் போங்க."

துளைகளின் வரிசை அவளுக்கு நினைவிருந்தது. ஆனாலும் நிச்சயமில்லாமல் குத்த மனம் வரவில்லை. கோலைத் தட்டிக்கொண்டு நேரே மேடைக்குப் போனாள். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னும் அவரவர் சின்னம் தொங்குவது வழக்கம்.

"மாப்ள, உங்க சோளத்துல ஒரு முத்து குடுங்க."

கூட்டம் கைதட்டியது. பர்ஜியோ வேறு வழியில்லாமல் கதிரிலிருந்து ஒரு முத்தைப் பெயர்த்துக் கொடுத்தான். அடுத்த நாற்காலிக்காரர் ஒரு நெல்மணி கொடுத்தார். யாரோ பொட்டலத்துப் பசைச்சோற்றை நீட்ட, இரண்டையும் பழைய இடத்தில் ஒட்டினாள். விதார்த்தி சரிபார்த்து, எல்லார் முன்னிலையிலும் சீட்டை உறைக்குள் நுழைத்துத் தந்தாள்.

தடுப்புக்குள் முதல்முறையாக அவள் தனியாக நின்றாள். விரல் நெல்லைத் தாண்டியது, சோளத்தில் நின்றது. ஆணியை அழுத்தினாள். ஆமாம், பர்ஜியோவுக்குத்தான். ஓட்டில் ஏமாற்றியவன்தான், ஆனால் ஆற்றில் வெள்ளம் வந்தபோது ஊர்ச் சனங்களைத் தோளில் சுமந்து கரையேற்றியவனும் அவன்தான். சீட்டின் பின்பக்கம் பிய்ந்து நின்ற துளை விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் பர்ஜியோ தோற்றான். சாயங்காலம் தார்சினி ஆவேசமாக வந்து நின்றாள்.

"கூடப்பொறந்தவளே குழி பறிச்சிட்டியே! மனசுல ஒண்ணுமில்லேன்னா எங்களை ஏன் தள்ளி நிறுத்துன? உண்மையச் சொல்லு, எதுல குத்துன?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், சண்டை தீர்ந்துவிடும். அந்த வார்த்தை சுமியாத்துனின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"அது எனக்கும் அந்த ஆணிக்கும் மட்டும்தான் தெரியும்."

வாசலில் நின்ற பர்ஜியோ மெல்லச் சொன்னான், "விடு தார்சினி. நீ எதுல குத்துனன்னு அண்ணி என்னிக்காவது கேட்டிருக்காங்களா?"

எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது சுமியாத்துனுக்கு. அப்போதும் அவள் சொல்லவில்லை.