முதல் கியரிலேயே

சிப்காட் சாலையில் முழங்கால் அளவு மழைநீர். பின் இருக்கையில் மகளுக்கு மூச்சுத் திணறல். கணவர் பெரிய டயர் மாட்டியிருந்த தைரியத்தில் காரைத் தண்ணீரில் இறக்கிவிட்டேன். பாதியில் இஞ்சின் அணையப் பார்த்தது. நின்றுபோன லாரியிலிருந்து ஒரு டிரைவர் ஓடிவந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"பெரிய டயரு மாட்டிக்கினு ரெண்டாவது கியர் போட்டா இஞ்சின் மெதுவாத்தாம்மா சுத்தும், நின்னுடும். ஃபர்ஸ்ட்லயே மிதி."

"இஞ்சின் கத்துதே, அண்ணா!"

"கத்தட்டும். கத்துற வரிக்கும் உயிரோட கீது."

கண்ணை மூடி, சத்தத்தை மட்டும் கேட்டபடி வந்தார். ஒருமுறைகூடப் பின்னால் திரும்பவில்லை.

மருத்துவமனையில் மகளின் மூச்சு சீரானதும் கேட்டேன்: "பாப்பாவைப் பார்க்கவே இல்லையே?"

"பாத்தா நானும் உன்னியாட்டம் அழுதுக்கினு இருப்பேன். வண்டி சத்தத்த யாரு கேக்கறது?"

சொல்லிவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்து தேம்பினார். யாரை நினைத்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.