ஜாம் பாட்டிலில் பெய்த பனி

முட்டை ஓட்டின் உள்தோலை உரித்தால் விரல் நுனியில் ஒரு வழவழப்பு ஒட்டிக்கொள்ளும். சோப்பு போட்டாலும் எளிதில் போகாது...

சேலத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறு ஏற்காடு மலையில் இருக்கும் எங்கள் ஊர் நாகலூருக்கு வந்துவிடுவேன். அப்பா அங்கே காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சுமதி அக்காவுக்கு சேலத்தில் கல்யாணமாகி எட்டு மாதம். நான் லீவில் ஊரில் இருந்தபோது வந்த அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு பனி உருண்டை செய்து கொடுக்க நினைத்தேன். குலுக்கினால் உள்ளே இருக்கும் வீட்டின் மேல் பனி பெய்யுமே, அது.

ஏற்காட்டில் நாங்கள் பார்த்ததெல்லாம் மூடுபனிதான். மேலிருந்து விழும் பனியை நானோ அக்காவோ பார்த்ததில்லை.

காலி ஜாம் பாட்டில். பழைய ஜியாமெட்ரி பாக்ஸின் தகரத்தை வெட்டி எங்கள் வீடு. துருப்பிடிக்காமல் இருக்க அதற்குச் சிவப்பு நெயில் பாலிஷ். மூடியின் உட்புறம் வீட்டை ஒட்டி, பாட்டிலைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். பனி மெதுவாக இறங்க பஜார் மெடிக்கலில் வாங்கிய கிளிசரின். பனிக்கு, பொடித்த முட்டை ஓடு.

தண்ணீர் கெட்டுப்போகக் கூடாதே என்று கடைசியில் இரண்டு பெரிய கரண்டி வினிகரும் ஊற்றினேன்.

கெமிஸ்ட்ரி மாணவி! முட்டை ஓடு வினிகரில் கரையும் என்று பரீட்சையில் கேட்டால் சமன்பாட்டோடு எழுதியிருப்பேன். சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. காற்று சிக்கிக்கொண்டது என்று நினைத்து மூடியை இறுக்கினேன்.

மறுநாள் பஸ்ஸில் மூடி கசிந்து மடியெல்லாம் ஈரம். சேலத்தில் இறங்கிப் பார்த்தால் பனியே இல்லை. தெளிந்த நீரில் ஒரு சிவப்பு வீடு.

"ஏனுங்க, எங்கூர்ல தண்ணி இல்லீன்னு பாட்டில்ல புடிச்சாந்தீங்களாக்கும்?" என்றார் அக்காவின் மாமியார்.

அக்கா சிரித்தாள். "இவள நம்பி காலேஜுல எப்படித்தான் ஆசிட்டக் குடுக்கறாங்களோ!"

ஊருக்குத் திரும்பும் என்னை வழியனுப்ப வாசல் கேட் வரை வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"கண்ணு, என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. இங்க இருக்க முடியல."

"ஏனுங்க்கா, அடிக்கறாங்களா?"

"அடிச்சாத்தானா?"

எதையும் ஆதாரம் இல்லாமல் நம்ப மாட்டேன் என்பதில் எனக்குப் பெருமை இருந்த வயது. அக்காவின் முகத்தை, கைகளைப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை.

"நொம்ப அவசரப்படாதீங்க்கா. செமஸ்டர் முடியட்டும், நானே அப்பாகிட்டப் பேசறேன்."

"செரி கண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

செமஸ்டர் முடிய இரண்டு மாதம் ஆனது. சொன்னபடி பேசினேன். அப்பாவும் போய்க் கேட்டார். "ஒண்ணுமில்லீங்கப்பா" என்று சொல்லிவிட்டாளாம். அதன்பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடங்களாக, எந்த விசேஷத்துக்கு வந்தாலும் கை கழுவிய கையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

போன மாதம்தான் போனில் சொன்னேன்: "அக்கா, வந்துருங்க. ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது. யாரையும் கேக்க வேண்டியதில்லை."

"இனி எதுக்கு கண்ணு? அத்தை படுத்த படுக்கையா இருக்காங்க. எங்கையில குடுத்தாத்தான் கஞ்சி குடிக்கறாங்க. நான் வந்துட்டா யாரு பாப்பாங்க?"

அவள் குரலில் கோபத்தைத் தேடினேன். இல்லை. பின்னால் யாரோ இருமினார்கள். "வெச்சிடறேன் கண்ணு" என்றாள்.

இன்று எனக்கு ஏற்காட்டில் சொந்த வீடு இருக்கிறது, கார் இருக்கிறது. அக்கா கேட்ட அன்று என்னிடம் இருந்தது மலையேறும் பஸ்ஸில் ஒரு ஜன்னலோர ஸீட்.

பக்கத்து ஸீட்டில் ஏற்காடு வரை யாரும் உட்காரவில்லை.