விமானப் புத்தகம் வாங்கப் போன காரணம்

தொண்ணூறுகளின் நடுவில், பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், உயர்தரப் பரீட்சையில் பௌதிகம் பாஸ் பண்ணியவன் நான் ஒருவன்தான். இதனால் தோட்டத்துக்குக் கிடைத்த லாபம், கோயில் மைக் செட் பழுதானால் கூப்பிட ஓர் ஆள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் விமானப் பராமரிப்புப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. தங்க இடம் உண்டு. எழுத்துப் பரீட்சையில் பறப்பின் அடிப்படை பற்றிக் கேட்பார்கள். ஒரு மாதம் இருந்தது.

அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "பாஸ் பண்ணுனா போ. இல்லாட்டி தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சிடு. எனக்கு வேல வயசு முடியப் போகுது. வீட்டுல ஒருத்தர் பேராவது இல்லேன்னா நாம குடியிருக்குற லயத்துக் காம்பராவ விடச் சொல்லிருவாங்க."

புத்தகம் தேடி டவுனுக்கு இறங்கினேன். புத்தகக் கடை முஸ்லிம் அண்ணனை நானா என்போம்; மனம் நோகாமல் பதில் சொல்லுகிறவர். "தம்பி, பிளேன் பத்தி ஒண்டும் இல்ல. கோழி வளக்கிற பொஸ்தகம் ஈக்கி, தரவா?" என்றார். கோழியும் பறக்கும் இனம்தான் என்று அவர் முகம் சொன்னது.

நூலகத்தில் ஒன்று இருந்தது. ஆங்கிலம். 'தொடக்கநிலையினருக்கு' என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் தொகையிடல் வந்துவிட்டது. நான்காம் பக்கத்தில் 'இதிலிருந்து எளிதாகத் தெரிவது யாதெனில்' என்று ஆசிரியர் கிளம்பிப் போய்விட்டார். அவருக்கு எளிதாகத் தெரிந்தது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். நூலகத்து அம்மா தரமாட்டேன் என்றார். இதுவரை ஒருவரும் எடுக்காத புத்தகமாம், நான் எடுத்தால் பழுதாகிவிடுமாம்.

கொழும்பில் பழைய புத்தகக் கடைகளில் பார் என்றார் நானா. கொழும்புக்குப் போக எனக்கு அடையாள அட்டை இல்லை. விண்ணப்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்களைப் போன்றவர்களுக்குத் தோட்டத்து ஆபீஸ் கடிதம்தான் அடையாளம். இன்னார் இந்தத் தோட்டத்து ஆள், இன்ன காரணத்துக்காகப் போகிறார் என்று சிங்களத்தில் எழுதி முத்திரை குத்தித் தருவார்கள்.

பெரிய கிளாக்கர் பேனாவைத் திறந்தார். "என்னாடா எழுத? கல்யாண வீடா, ஆஸ்பத்திரியா?" தோட்டத்தில் இந்த இரண்டு காரணம்தான் புழக்கத்தில் இருந்தது. அந்தக் கணக்குப்படி எங்கள் ஆட்கள் ஒன்று கல்யாணம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அல்லது செத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் படித்தவன் அல்லவா? "பொய் எதுக்குங்கய்யா, உள்ளத எழுதுங்க" என்றேன். அவரும் உள்ளதை எழுதினார்: 'விமானம் பறக்கும் முறையைக் கற்பதற்குப் புத்தகம் வாங்கச் செல்கிறார்.' யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பையன் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

போகும்போது சோதனைச் சாவடிகளில் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். கொழும்பில் அருமையான புத்தகம் கிடைத்தது. மெல்லியது, பக்கத்துக்குப் பக்கம் படம், பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். பஸ்ஸில் வரும்போதே முதல் அத்தியாயத்தை மூன்று தரம் படித்தேன். எங்கள் ஊருக்குக் கிட்டவந்து சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். ஒரு பொலிஸ்காரர் கடிதத்தை முழுசாகப் படித்தார். பிறகு பையில் இருந்த புத்தகத்தைத் திறந்து இறக்கைப் படத்தைப் பார்த்தார். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

என்னைக் கொண்டுபோன பொலிஸ் ஸ்டேஷனுக்குப் பொறுப்பான பெரியவர் கெட்டவர் இல்லை. "மல்லி, நீ மாணவன்தான் என்றால், பிளேன் எப்படி எழும்புகிறது, சொல்லு பார்க்கலாம்" என்றார் சிங்களத்தில், தம்பி முறை வைத்து. ஒரு தாள் கீற்றைக் கிழித்துக் கீழுதட்டின் கீழே பிடித்து, மேலாக ஊதினேன். தொங்கிய தாள் எழும்பியது. அவரும் ஊதினார். அவருடையதும் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனே ஊதிக்கொண்டிருந்தது. பொழுது சாயுமுன் தோட்டத்துக்கு போன் போட்டு விசாரித்து, தேநீரும் கொடுத்து, என்னை அனுப்பினார்கள். புத்தகத்தை மட்டும் விசாரணைக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.

எழுத்துப் பரீட்சையில் முக்கால்வாசியும் அந்த முதல் அத்தியாயம்தான் வந்தது. பாஸ் பண்ணினேன். பொலிஸ் நற்சான்று கொண்டுவரச் சொல்லி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. ஸ்டேஷனில் பெரியவர் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். தன் கையாலேயே சிங்களத்தில் எழுதினார்: 'மிக நல்ல பையன். கெட்ட சகவாசம் இல்லை. விமானங்களைப் பற்றி மிக நன்றாக அறிந்தவர். எமது நிலையத்தில் தடுத்து வைத்திருந்த வேளையில் இதை நாமே நேரில் சோதித்து உறுதிசெய்தோம்.'

நற்சான்றைக் கொடுத்துப் பத்து நாளில் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. வருந்துகிறோம் என்று ஒரு வரி.

அப்பா நற்சான்றின் பிரதியை எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "நல்லதாத்தானே எழுதியிருக்காரு?" என்றார்.

"ரொம்ப நல்லதாத்தான் எழுதியிருக்காரு."

"அப்புறம் ஏன் வேணாங்குறாங்க?"

ஒரு ஸ்டேஷனுக்கே விமானத்தை விளங்கப்படுத்தியவனால் அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்த முடியவில்லை. அழுகைதான் வந்தது. திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்தேன்.