நீங்கள் பயப்படாதே

என் பெயர் ஒரே ஒரு புத்தகத்தில்தான் அச்சாகியிருக்கிறது. உள்ளே எங்கோ மூலையில் அல்ல, அட்டையிலேயே, மஞ்சள் எழுத்தில். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வேறு யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு தடவை பெயர், பெயர் என்று அலைந்து பட்டது போதும்.

அப்போது சிவகாசியில் ஓர் அச்சாபீசில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலையில் இருந்தேன். வீடு நாரணாபுரத்தில். அப்பா அங்கே ஒரு பட்டாசு ஆபீசில் போர்மேன். மகளை வெடிமருந்து அறைப் பக்கமே விடக்கூடாது என்பதற்காகத்தான் என்னை பி.ஏ. ஆங்கிலம் படிக்க வைத்தார். படித்து முடித்தேன். டீச்சர் வேலை கிடைக்கவில்லை, அச்சாபீஸ் கிடைத்தது. காலையில் டைரிக்கு ராகுகாலம், எமகண்டம் அடிப்பேன். மத்தியானம் பட்டாசுப் பெட்டிக்கு 'கையில் வைத்து வெடிக்காதீர்' என்று அடிப்பேன். இதற்கா மூன்று வருஷம் இங்கிலீஷ் படித்தாய் என்று தெருவில் கேட்பார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அந்த வருடங்களில் வெளிநாட்டில் ரத்தக் காட்டேரிக் கதைகள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. எங்கள் முதலாளி சென்னைக்குப் போன இடத்தில் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் அப்படி ஒரு வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்துவிட்டார். மொத்தம் ஐந்து புத்தகம். தமிழில் போட்டால் பஸ் ஸ்டாண்டு கடைகளில் பிய்த்துக்கொண்டு போகும் என்று கணக்குப் போட்டார். யாரிடம் அனுமதி வாங்கினார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கதை இதுதான். மூடுபனி இறங்கும் ஒரு துறைமுக ஊர். கலங்கரை விளக்கக் காவல்காரனுக்குப் பதினேழு வயதில் ஒரு மகள். அவள் ஒரு காட்டேரியைக் காதலிக்கிறாள். அவன் ஒரு காலத்தில் கப்பல் வைத்தியனாக இருந்தவன், பார்க்க இளைஞன், வயது இருநூறு. ஊர் முழுக்க அவர்களைப் பிரிக்கப் பார்க்கிறது. நாலு புத்தகம் இப்படியே ஓடும். ஐந்தாவதில் அவள் செத்து, அவனைப் போலவே எழுந்து வருவாள்.

முதல் நாலையும் மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் மொழிபெயர்த்தார். காட்டேரி என்ற நல்ல சொல் இருக்கும்போது அவர் 'குருதியுண்ணி' என்று எழுதினார். உண்ணி என்றால் எங்கள் பக்கம் மாட்டுக் காதில் ஒட்டிக்கொண்டிருப்பது. நாலு புத்தகம் பூராவும் அந்த உண்ணியை நான்தான் அடித்தேன். ஐந்தாவதைத் தொடுவதற்கு முன் அவர் அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நாலு பொஸ்தகம் அடிச்ச பிள்ளைக்கு அஞ்சாவது தெரியாமயா போகும்? நீயே எளுதிரும்மா."

"எம் பேரு போடுவீகளா அண்ணாச்சி?"

"போட்டாப் போச்சு."

அன்று சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கலாம். எனக்குப் பெயர்தான் வேண்டியிருந்தது. ஊர் முழுக்க ஒட்டுகிற லேபிளை, மாட்டுகிற காலண்டரை, கிழிக்கிற நோட்டை நாங்கள்தான் அடிக்கிறோம், ஒன்றிலாவது அடித்தவள் பெயர் இருக்குமா? ஒரு புத்தகத்தில், நான் எழுதினது என்று சொல்லும்படி, ஒரே ஒரு தடவை. அது நடந்துவிட்டால் வேறு எது நடக்காவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தேன்.

ஆங்கிலத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நேராக கம்ப்யூட்டரிலேயே அடித்தேன். தாளில் எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. நன்றாகவே வந்தது. என்னைத் தூங்கவிடாமல் அடித்தது ஒரே ஒரு சொல்தான். ஆங்கிலத்தில் எல்லாரையும் ஒரே சொல்லில் கூப்பிட்டுவிடலாம். தமிழில் முடியாது. நாலு புத்தகத்திலும் பேராசிரியர் அவளை 'நீங்கள்' என்று சொல்லவைத்திருந்தார், அவனை 'நீ' என்று. சரி, அவன் இருநூறு வயதுக்காரன், இவள் சின்னப் பெண், இருக்கட்டும். ஆனால் கடைசிப் பக்கத்தில் அவள் செத்து எழுந்துவிட்டாள். இனி அவளுக்கும் சாவில்லை. விடியப்போகிறது, அவன் கை நடுங்குகிறது, அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பயப்படாதே என்கிறாள். அந்த இடத்திலும் நீங்களா?

எங்கள் தெருவில் பெண்கள் புருஷனை நீ என்று சொல்லாமல் இல்லை. சண்டை வந்தால் எல்லாரும் சொல்வார்கள், அதற்கு மேலும் சொல்வார்கள். மறுபடி நீங்க என்று ஆரம்பித்தால் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். பிரியத்தோடு ஒருத்தி நீ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ரொம்ப யோசித்து, 'நீ பயப்படாதே' என்று அடித்தேன். மூல ஆசிரியருக்குக்கூடக் கிடைக்காத ஓர் இடம் எனக்குக் கிடைத்திருந்தது. அடித்துவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த ஆனி மாதத்தில் எனக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை விருதுநகரில் ஒரு மண்டியில் கணக்கெழுதுகிறவர். புத்தகத்தை முடித்துக் கொடுத்துவிட்டு லீவில் போனேன். வந்தவர்களிடம் என் பெயரில் ஒரு புத்தகம் வருகிறது என்று அம்மா சொன்னாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, அப்படியா, நல்லது என்றார். அன்று கழுத்தில் போட்ட மாலையைவிட அந்த ஒரு வார்த்தை பெரிதாக இருந்தது.

நான் லீவில் இருந்தபோது நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதலாளி எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் படிப்பார். கடைசிப் பக்கத்தைப் படித்தவர், என்னோடு வேலை பார்த்த இன்னொரு ஆபரேட்டரைக் கூப்பிட்டு, என்ன இந்தப் பிள்ளை, பெரிய மனுஷனைப் போய் நீ என்று சொல்லவைத்திருக்கிறது, நீங்கள் என்று மாற்று என்றிருக்கிறார். ஆடிப் பதினெட்டு வந்தால் காலண்டர் ஆர்டர் குவிந்துவிடும், அதற்கப்புறம் எந்த மெஷினும் சும்மா இருக்காது. அதற்குள் புத்தகம் முடியவேண்டும். அந்த ஆபரேட்டர் கடைசிப் பக்கத்துக்குப் போய் அந்த ஒரு சொல்லை மாற்றியிருக்கலாம். அவனுக்கு அதற்குப் பொறுமை இல்லை. 'நீ' வருகிற இடத்திலெல்லாம் 'நீங்கள்' போடு என்று கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்து அதே பெயரில் சேவ் பண்ணினான், நான் அடித்தது அதோடு அழிந்தது. மறுபடி புரூப் பார்க்க ஆளில்லை.

கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? சொன்னதைச் செய்தது. நான் லீவு முடிந்து வந்த காலையில் மடிப்புப் பிரிவில் பெண்கள் தாள்களை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, இதென்ன பிள்ளை, புது பாஷையா இருக்கு என்றாள். வாங்கிப் பார்த்தேன். நீலக் கண்கள் 'நீங்கள்லக் கண்கள்' ஆகியிருந்தன. நீண்ட இரவு 'நீங்கள்ண்ட இரவு' ஆகியிருந்தது. அவன் கையை 'நீங்கள்ட்டினான்'. அவள் அவனிடம் மரியாதையாகப் பேசிய இடமெல்லாம் 'நீங்கள்ங்கள்' என்று இருந்தது. அவன் அவளிடம் 'நீங்கள் வா' என்றான், 'நீங்கள் அழாதே' என்றான். எங்கள் ஜில்லாவிலேயே காதலியை நீங்கள் என்று கூப்பிட்ட முதல் ஆம்பிளை அந்தக் காட்டேரியாகத்தான் இருக்கும். கடைசிப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். 'நீங்கள் பயப்படாதே' என்று இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினேன். மெஷினை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். எல்லாப் பாரமும், கடைசித் தாள்வரை, மெஷினில் ஓடி முடிந்துவிட்டது என்றார். என்னவென்று பார்த்தார், கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, படிக்கிற பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும், காட்டேரிக் கதைதானே, பரீட்சைப் புத்தகமா என்றார். கோபித்துக்கொண்டு பேசியிருந்தால்கூட எனக்கு வழக்காடத் தெரிந்திருக்கும். அவர் சமாதானமாகப் பேசினார்.

"அப்ப எம் பேரையாச்சும் எடுத்துருங்க அண்ணாச்சி."

"அட்டை முந்தாநாளே ஓடிருச்சும்மா. நீ ஆசப்பட்டுக் கேட்டியேன்னு உள்ளுக்குப் போட வேண்டியத அட்டையிலயே போட்டுட்டேன். லேமினேசனும் ஆயிருச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு நல்லது செய்துவிட்ட நினைப்பு அவருக்கு. அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. புத்தகம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டிலும் விருதுநகர் பஸ் ஸ்டாண்டிலும் கிளிப் மாட்டித் தொங்கியது. இவர் பத்துப் பிரதி வாங்கி மண்டியில் எல்லோருக்கும் கொடுத்தார். பெருமைக்குத்தான் கொடுத்தார். ஒரு வாரத்தில் அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் 'நீங்கள்ங்கள்' என்று கூப்பிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சாக்கு நீங்கள்க்கு, தராசு நீங்கள்ட்டு. வீட்டுக்கு வந்து என்னிடமும் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்துவைத்தேன். நடந்ததை ஒருமுறை சொன்னேன். பெண்கள் பேரில் புத்தகம் வருவதே பெரிசு, விடு என்றார். மதுரையில் ஒரு பதிப்பகத்தில் மொழிபெயர்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்தப் புத்தகத்தோடு போனேன். அங்கே இருந்தவர் புரட்டினார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார், இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அதோடு அந்த ஆசையை விட்டேன்.

சில வருடம் கழித்து, பத்தாம் வகுப்புப் பரீட்சை லீவுக்கு இவருடைய அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அலமாரியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போய் இரண்டே நாளில் படித்துவிட்டாள். இவர் முன்னறையில் உட்கார்ந்து வாரக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தேன். அவள் புத்தகத்தோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்து முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு பக்கத்துலயே பிடிபட்டுருச்சு அத்தை. 'நீ' இருக்க எடமெல்லாம் 'நீங்கள்'னு ஆயிருக்கு, அம்புட்டுதான். முன்னாடியெல்லாம் அவ பேசுறப்ப 'நீங்கள்ங்கள்'னு இருக்கு, அப்படின்னா நீங்க எளுதுனது 'நீங்கள்'. கடைசிப் பக்கத்துல மட்டும் வெறும் 'நீங்கள்'னு இருக்கு. அப்ப கடைசில அவ அவனை 'நீ'ன்னுதான சொல்லுறா?"

அழிந்துபோன என் புத்தகத்தை ஒரு பதினைந்து வயதுப் பெண் வரிவரியாகத் திரும்பக் கட்டி எடுத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அந்த வரியை நான் எழுதின அர்த்தத்தில் படித்த முதல் ஆள் அவள்தான். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் இவர் கணக்கிலிருந்து நிமிர்ந்து, "கட்டிக்கப்போறவனை எந்தப் பொம்பளையாச்சும் நீன்னு சொல்லுவாளா? உங்க அத்தை அப்படி எளுதுற ஆளு இல்ல பாப்பா" என்றார்.

எனக்காகப் பரிந்து பேசினார். இத்தனை வருடத்தில் அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் எனக்காகப் பேசிய ஒரே பேச்சு அதுதான். பேசிவிட்டு, சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணெல்லாம் எதிர்பார்ப்பு. நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன், மறுபடி முறத்தைப் பார்த்தேன்.

"ஆமா, 'நீங்கள்'தான்" என்றேன்.

"அப்ப நாந்தான் தப்பா நெனச்சுட்டேனா அத்தை?" என்றாள்.

நான் முறத்தைத் தட்டிப் பருப்பைப் புடைத்தேன். அவள் மாமாவிடம் பேனாவை வாங்கி, கடைசிப் பக்கத்து 'பயப்படாதே' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே 'பயப்படாதீர்கள்' என்று எழுதினாள்.