மிசோ அறையின் வாசல் வரை

இன்று படகேறி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போனேன். அங்கே எல்லோரும் ஸயா, அதாவது வாத்தியார், என்று அழைக்கும் ஜப்பானியர் ஒருவர் மரப்பீப்பாயில் மிசோ என்ற சோயா விழுதைப் போடுகிறார். சோயாவைப் புளிக்கவைக்கும் பூஞ்சையை அரிசியில் வளர்க்கும் அறையைப் பார்க்க ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில், அங்கே வேலை பார்க்கும் மரியம் தடுத்தாள். “அக்கா, காலையில பெபோ சாப்பிட்டீங்களா?”

ஒரு கணம் பொய் சொல்ல நினைத்தேன். லான்மடாவ் பகுதியில், ஷான் இனத்தாரின் சாப்பாட்டுக் கடையில் அந்த நொதித்த நாற்றச் சோயாவைச் சோற்றில் பிசைந்து தின்றதை இங்கே யார் பார்த்தார்கள்?

“சாப்பிட்டேன்டி.”

“போச்சு போங்க! பெபோவுல இருக்கிற கிருமி உங்களோட உள்ள வந்தா மொத்த அரிசியும் கெட்டுப்போயிரும். ஸயா விடமாட்டாரு.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸயாவே ஒரு கிண்ணம் மிசோ சூப் கொண்டுவந்து, தலை குனிந்து கொடுத்தார். உப்பு, லேசான இனிப்பு, மழையில் நனைந்த மரத்தின் வாசம். கதவிடுக்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. கண்களை மூடிக்கொண்டேன். நான் பார்க்காத அந்த அறை எனக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருந்தது. திரும்பும் படகு இரண்டு முறை வந்து போனதுகூடத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பெபோ கிடையாது.

சத்தியமாகச் சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?