ரோச் காட்டாத பார்

மீனவர் லிகோரி ரோச்சுக்குக் கடலுக்கடியில் ஒரு சொத்து இருந்தது. பத்திரம், பட்டா எதுவும் கிடையாது. காசுவாரித் தீவுக்குத் தெற்கே, மாதா கோயில் கோபுரமும் அனல்மின் நிலையத்தின் இரண்டாவது புகைபோக்கியும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தில், உயிரோடிருக்கும், மீன் குறையாத ஒரு பவளப்பார். அப்பா சாகக் கிடந்தபோது காதில் சொன்ன அடையாளம். அதைக் கூடப்பிறந்த தம்பிக்கும் காட்டியதில்லை; பின்னால் படகு வந்தால் வேறு பக்கம் திருப்பிவிடுவார். இந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கம் அனுஜாவோடு வந்தது. முத்தையாபுரத்துப் பெண், கடலைப் படித்தவள். தீவுகளைச் சுற்றிப் பவளம் நட மூன்று வருடத்துக்கு நிதி வாங்கி வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, கச்சான் காத்து அடிக்கும்போதும் சேறு படியாத இடம் எங்க இருக்கு? நீங்க சொன்னா அங்கனயே நடுதேன்."

நல்ல பாரைச் சொன்னால் மிதவை போட்டு வலையைத் தடுத்துவிடுவார்கள் என்று மனுஷனுக்குப் பயம். பழக்கதோஷத்தில் கை வடக்கே நீண்டது. வாய் கொஞ்சமும் கூசாமல், "இங்கன சேறே வராது" என்றது.

அவள் நம்பினாள். சிமெண்ட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி இறக்கினார்கள். முதல் வருடக் கச்சான் காற்றிலேயே பாதியைச் சேறு மூடியது. அவள் மூழ்கி மூழ்கிக் கையால் சேற்றைத் தள்ளினாள். பக்கத்திலேயே ரோச்சும் தள்ளினார், பாவி! அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மூன்றாம் வருடம் எல்லாம் செத்தது. நிதியும் அத்தோடு நின்றது.

அனுஜா எழுதிய கடைசி அறிக்கையில் ரோச்சின் படம் வந்தது. மனைவி பிளாரன்ஸ் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினாள்: 'இடத் தேர்வில் நேர்ந்த பிழை என்னுடையது. உள்ளூர் வழிகாட்டி திரு. லிகோரி ரோச்சுக்கு நன்றி.'

ரோச்சுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே அனுஜாவின் அலுவலகத்துக்குப் போனார். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், பிழை ஒங்களுது இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். நல்ல பாரு தெக்க இருக்கு."

"தெரியும் அண்ணாச்சி. போன மாசம் ஒங்க படகு அங்கன நிக்கதப் பாத்தேன். பொறவு எறங்கியும் பாத்தேன்."

"அப்போ ஏன் எழுதல?"

"எழுதினா, இனி ஃபண்டு குடுக்க எவனும் மீனவன் பேச்ச நம்ப மாட்டான். ஒங்க ஒருத்தரால கரையே ஏன் கெட்ட பேரு வாங்கணும்?"

நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை. ரோச் கையைத் தெற்கே நீட்டினார். "கோயில் கோபுரம், ரெண்டாவது புகைபோக்கி... ரெண்டும் ஒண்ணாத் தெரியணும். எழுதிக்கிடுங்க மேடம்."

"எதுல எழுத அண்ணாச்சி? திட்டமே முடிஞ்சு போச்சே."

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு இசபெல்லாவுக்குப் பிளாரன்ஸ் வாசித்துக்கொண்டிருந்தாள். 'நன்றி' என்ற இடம் வந்ததும் இவரை நிமிர்ந்து பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். ரோச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்த வழியே திரும்பி நடந்தார்.