எட்டு நிமிடம் முந்தும் ஊருக்கு எந்த மொழி?

இலண்டனில் ஒருவரிடம் வயதைக் கேட்கக் கூடாது, சம்பளத்தைக் கேட்கக் கூடாது, ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று கேட்கவே கூடாது. வந்த புதிதில் இந்த மூன்றையும் ஒரே நாளில் கேட்டு முழித்தவள் நான். ஆனால் மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில், புதிதாகப் படிக்கிறவர் எந்தக் கணினி மொழியில் தொடங்கலாம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் வாய் திறக்காதவர்கள்கூடக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

யுத்தம் முடிந்த மறுவருடம், ரமழான் நோன்புக்கு ஐந்து மாதம் இருக்கையில், என் தங்கச்சி ரிஸ்மியா இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதிலிருந்து தொலைபேசியில் கேட்டாள். "ராத்தா, கொம்பியூட்டர்லயும் ஓடணும், போன்லயும் ஓடணும். எந்த மொழியப் படிக்க?" உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கல்முனையில் ஆறு மாதக் கணினி வகுப்பும் முடித்திருந்தாள். அந்தக் கேள்வியை நான் அலுவலகத்தில் அவிழ்த்துவிட்டேன். ஒருவர் சீ ஷார்ப் என்றார், இன்னொருவர் பைத்தன் என்றார். மார்ட்டின் என்பவர்தான் எல்லாருக்கும் மேலாகக் குரல் உயர்த்தி, விரலால் தொட்டு இயக்கும் புதுப் போனுக்கு உரிய ஒப்ஜெக்டிவ் சீயைப் படிக்கச் சொன்னார். பிறகு, உன் தங்கச்சி என்னதான் செய்யப்போகிறாள் என்று கேட்டார். சூரியன் மறையும் நேரத்தைச் சொல்லும் ஒரு செயலி என்றேன். "ஜன்னலால் எட்டிப் பார்த்தால் தெரியுமே!" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே உதவுகிறார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எங்கள் கிழக்குக் கரையில் சூரியன் கொழும்பைவிட ஏழெட்டு நிமிடம் முந்தி உதிக்கும், முந்தி மறையும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு வந்த முதல் நோன்பை நாங்கள் தகரக் கொட்டிலில் பிடித்தோம். பள்ளிவாசலும் இல்லை, தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் ஒலிபெருக்கியும் இல்லை, சுவரில் ஒட்டும் நோன்பு அட்டவணையும் இல்லை. இருந்தது ஒரு வானொலி. விடியுமுன் உண்டு முடிக்கும் ஸஹர் நேரம் முடிகிறது என்று அது சொன்னதும் உம்மா அவசரமாக ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். அது கொழும்பு நேரம் என்பது விடிந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. வீடும் வாசலும் போனபோது கல்லாக நின்ற உம்மா, அந்த ஒரு நோன்பு பாழானதற்கு வாய்விட்டு அழுதார். பெருநாளுக்குப் பிறகு அதற்கு ஈடாக இன்னொரு நாள் நோன்பு பிடித்துக் கழாச் செய்தார். ரிஸ்மியாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் அதை மறக்கவில்லை.

நான் மார்ட்டினின் மொழியைத்தான் அவளுக்குச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து பேசுகிறோம் அல்லவா, கொஞ்சம் மிதப்பு.

"அந்தப் போன் இஞ்ச ஆருக்கிட்ட இரிக்கி?" என்று கேட்டாள். "அத எழுதுறதுக்கே வேற கொம்பியூட்டர் வாங்கணுமாமே. இஞ்ச எல்லாரிட்டயும் பட்டன் போன். அதுல ஜாவா ஓடும். பள்ளிவாசல் கொம்பியூட்டர்லயும் ஜாவா ஓடும். முகப்பத்தான் ரெண்டு தரம் எழுதணும், கணக்கு ஒண்டுதான். வீட்ட நெட்டும் இல்ல, ஜாவாட பாடமெல்லாம் சீடியிலயே இரிக்கி. நீங்க அங்க போய் ஊர மறந்திட்டீங்க ராத்தா."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மணி நேரம் வாதாடிய அத்தனை கெட்டிக்காரர்களும் கேட்காததை அவள் கேட்டிருந்தாள்: யாருடைய கையில் எந்தப் போன் இருக்கிறது? நான்கூடக் கேட்கவில்லை.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார், அவளுடைய செயலியை ஊருக்குக் கொடுக்க இலேசில் சம்மதிக்கவில்லை. "ஒரு நாள் பிழைச்சாலும் ஊரே கழாச் செய்யணும் புள்ள" என்றாராம். ஒரு நிமிடம் பிசகினாலும் வேண்டாம் என்பது பேச்சு. அவள் நான்கு மாதம் சீடியோடு மல்லுக்கட்டினாள். நோன்புக்கு முந்தின கிழமை, முப்பது நாள் நேரத்தையும் பள்ளியின் அச்சு அட்டவணையோடு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரு நிமிடமும் பிசகவில்லை. ஒலிபெருக்கி எட்டாத கடலில், வாப்பாவும் தோணிக்காரர்களும் முதல் நோன்பை தங்கள் பட்டன் போனில் அவள் செயலியைப் பார்த்துத்தான் திறந்தார்கள். "என்ட மகள்ற வேல" என்று வாப்பா கண்டவர் நின்றவர்க்கெல்லாம் சொல்லித் திரிகிறாராம். நான் இங்கே அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

கணினியில் ஓடும் பிரதியை எனக்கும் அனுப்பியிருந்தாள். திறந்ததும் ஊரைத் தெரிவுசெய்யச் சொன்னது. பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, கடைசியில் இலண்டன். "உங்கட ஊரையும் போட்டிருக்கன் ராத்தா" என்று எழுதியிருந்தாள். என்னுடைய ஊர் என்று அவள் சொன்னது இலண்டனை. அன்பாகத்தான் எழுதியிருக்கிறாள், ஆனாலும் அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தேன். நிற்கிற மண்ணின் சூரியனுக்குத்தான் நோன்பு. ஆகவே இலண்டனைத் தெரிவுசெய்தேன். பிறகு அதையே இன்னொரு தடவை திறந்து, சாய்ந்தமருதைத் தெரிவுசெய்து, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெளியே பட்டப்பகல். ஒரு பெட்டியில் நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது. மற்றதில் இன்னும் ஆறரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.